வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கும் வண்டி

அக்கா பைக் ஓட்டிக்கொண்டு ரத வீதி முக்கில் திரும்புகிற அழகை மாடியில் நின்று பார்ப்பது என் காலை வேலைகளில் ஒன்று. டவுண் பஸ், ஆட்டோ, மாடு, அல்வா வாங்க நடுரோட்டில் நிறுத்தியிருக்கிற வெளியூர்க் கார், எல்லாம் அங்கே கிடக்கும். அவள் ஹாரனே அடிக்க மாட்டாள். கியரைக் குறைத்து, எந்தப் பக்கம் சந்து விழும் என்று முன்னாலேயே தெரிந்தவள் மாதிரி பைய நுழைந்து போய்விடுவாள். நான் அதே முக்கில் ரெண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறாள். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. கூட வேலை பார்த்த ஒரு சார் மாற்றலாகிப் போகும்போது அவருடைய பழைய பைக்கை இவள் வாங்கிக்கொண்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்கூட்டர்தான் தோது" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "ஸ்கூட்டர் சக்கரம் சின்னதும்மா, நம்ம ரோட்டுப் பள்ளத்துல முழுசா உள்ள போயிரும்" என்று அக்கா முடித்துவிட்டாள்.

அது கார்புரேட்டர் வண்டி. இப்போது வருகிற வண்டியிலெல்லாம் பெட்ரோலை எவ்வளவு விட வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இதில் அப்படி ஒன்றும் கிடையாது. நானோ இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். ஷிஃப்ட் மத்தியானம்தான் ஆரம்பம். காலை முழுக்கக் கை சும்மா இருக்காது. வண்டி வந்த நாளிலிருந்து அதைக் கழற்ற ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன். சாக்குக் கிடைக்காததால் பொங்கலுக்குப் புது டேங்க் மூடி ஒன்று வாங்கி மாட்டினேன். பழையது துருப்பிடித்துப் போயிருந்தது. புதுசு வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது.

அது கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா பள்ளியிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதே சொன்னாள்.

"லே, இன்னைக்கு வண்டி நின்னுட்டு. முக்கூடலுக்கு முன்னால வாய்க்கால் பாலம் இருக்குல்லா, அங்கன. விக்கி விக்கி நின்னுட்டு."

"பெட்ரோல் இருந்துச்சா?"

"நேத்துதானே டேங்க் நிறைய போட்டேன். டீக்கடை அண்ணாச்சி ஒரு டீ குடிங்க டீச்சர், வண்டி ஆறட்டும்னாரு. குடிச்சேன். டேங்கைத் திறந்து பாத்தேன். பெட்ரோல் தளும்புது. மூடிட்டு அடிச்சேன், கெளம்பிட்டு."

இந்தக் கடைசி வரியை அன்றைக்கே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. 'விக்கி விக்கி' என்றதுமே என் கண்ணுக்குள் கார்புரேட்டர் வந்து நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறுகிற ஊசித்துளை, அதாவது ஜெட், அடைத்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

இதில் ஒரு அவசரமும் இருந்தது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அந்தத் தேர்வை நடத்த வேறு பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியர் போக வேண்டும். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிள்ளைகள் கருவியைத் தொடலாம். அக்காவுக்கு அந்த வருஷம்தான் முதல் முறையாக அப்படி ஒரு பொறுப்பு வந்திருந்தது. அம்பாசமுத்திரத்துக்கும் அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அந்த ஊருக்குப் போகிற முதல் பஸ், தேர்வு ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேரும். வண்டி நின்றால், அங்கே பிள்ளைகள் ஆய்வுக்கூடத்து வாசலில் நிற்கும்.

"கார் பிடிச்சிக்கிடு" என்றாள் அம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ சரி பண்ணிருவேல்லா?"

"பண்ணிருவேன்க்கா."

"அப்போ எதுக்குக் கார்?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. என்னை நம்பி இவ்வளவு சாதாரணமாக ஒருத்தர் ஒரு விஷயத்தை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை பின்வாசலில் அம்மாவின் பழைய தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கார்புரேட்டர் கையில் வந்தது. ஒரு மாங்காய் அளவுதான். அடிக்கிண்ணத்தின் திருகைக் கழற்றும்போதே உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் கைவழியாக முழங்கைவரை ஓடியது.

திறந்து பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது அவ்வளவு அழகு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதக்குமே, தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறிக் குழாயை அடைக்குமே, அதே மாதிரி விரல் நீளத்தில் ஒரு மிதவை உள்ளே இருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் தன் பாட்டுக்கு இறங்கி வரும். கிண்ணம் நிறைந்ததும் மிதவை ஒரு சின்ன ஊசியால் வழியை மூடும். குறைந்தால் திறக்கும். மேலே இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று ஒரு குறுகலான இடத்தில் வேகமெடுக்கிறது. அந்த வேகத்தில் பித்தளை ஜெட்டின் ஊசித்துளை வழியே பெட்ரோல் தானாக மேலே எழும்பி, புகையாகிக் காற்றோடு சேர்ந்து போகிறது. பம்பு இல்லை, ஒயர் இல்லை, யாரும் கணக்குப் போடவில்லை. காற்றின் கனத்தையும் பெட்ரோலின் கனத்தையும் வைத்தே ஒருத்தன் இதை யோசித்திருக்கிறான். நான் அந்த ஜெட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, துளை வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊசி முனை அளவு நீலம் தெரிந்தது.

அதாவது, அடைப்பே இல்லை. ஆனாலும் விடவில்லை. ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையைப் பிரித்து ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுத்தேன். பெட்ரோலில் எல்லாவற்றையும் கழுவினேன். டேங்கையும் விடவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை வைத்த சந்தனம் குங்குமம் முதற்கொண்டு துடைத்து, மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி மின்னவிட்டேன். மாட்டும்போது மிதவையின் ஊசியைக் காணவில்லை. துளசிமாடத்துக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதை மாட்டி முடித்து பெட்ரோலைத் திறந்துவிட்டால், கார்புரேட்டர் அடியிலிருந்து தாராளமாக ஒழுகுகிறது. மிதவையைத் தலைகீழாக மாட்டியிருந்தேன்.

"ஏலே! அடுப்பு எரியுது லே! வீட்டையே கொளுத்தப் பாக்கியா?" அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

சாயங்காலத்துக்குள் வண்டி கிளம்பிவிட்டது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், ஒரு விக்கல் இல்லை. வீட்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. "எய்யா, படிச்ச படிப்பு வீணாப் போவல" என்று அம்மா தோசையில் நெய் விட்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டி நின்றது. அதே வாய்க்கால் பாலம்.

சனிக்கிழமை மறுபடியும் தாம்பாளம், மறுபடியும் கழுவல். திங்களிலிருந்து வியாழன் வரை வண்டி பறந்தது. அடுத்த வெள்ளியும் நின்றது.

"இது விரதம் இருக்குத வண்டி போலருக்கு" என்றாள் அக்கா.

பாலத்தடி டீக்கடை அண்ணாச்சி எங்கள் வீட்டுக்குள் இப்படித்தான் வந்து சேர்ந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் அக்கா வழியாக வந்துகொண்டிருந்தது. முதல் வெள்ளி, பிளக்கு என்றார். ரெண்டாவது வெள்ளி, பெட்ரோலில் தண்ணீர் என்றார். மூன்றாவது வெள்ளி, பிளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயில் போய்விட்டது என்று அடித்துச் சொன்னாராம். கூட டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்களும் ஆளுக்கொன்று சொன்னார்களாம். யாருமே வண்டியைத் தொடவில்லை என்றாள்.

பெட்ரோலில் தண்ணீர் என்று அவர் சொன்னதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. அக்கா வியாழக்கிழமை சாயங்காலம் ஒரே பங்க்கில்தான் டேங்கை நிரப்புவாள். வெள்ளிக்கிழமை நிற்கிறது. அப்போ பங்க்தான் காரணம்! கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து மாதிரி உருளும் என்று வீடியோவில் காட்டியிருந்தார்கள். ஒன்றும் உருளவில்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அது கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, வேறு பங்க்கில் டேங்க் தளும்ப நிரப்பினேன். திங்கட்கிழமை அக்கா போய்விட்டு வந்தாள். வண்டி பூ மாதிரி ஓடியது என்றாள்.

செவ்வாய்க்கிழமை தேர்வு.

விடிந்ததும் கிளம்பினோம். தைரியத்துக்கு என்னையும் பின்னால் உட்காரச் சொல்லியிருந்தாள். நான் லீவு போட்டிருந்தேன். ஸ்பேனர் பை என் மடியில். அம்மா குளித்துவிட்டு வந்து, பிள்ளை முதல் முறையாக இப்படி ஒரு பொறுப்புக்குப் போகிறாளே என்று வண்டிக்குக் கற்பூரம் காட்டினாள். தெருமுனை வரை வந்து நின்றாள்.

பேட்டை தாண்டியதும் குளிர் முகத்தில் அடித்தது. அறுப்பு முடிந்த வயலில் கொக்குகள் நின்றன. பின்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அக்கா கண்ணால் மட்டும் ஓட்டுவதில்லை. இன்ஜின் சத்தம் ஒரு இழை மாறினால் அவள் தோள் முதலில் அசைகிறது. வாய்க்கால் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தோள் அசைந்தது. அப்புறம்தான் எனக்கு விக்கல் கேட்டது. ஒன்று, ரெண்டு, அப்புறம் ஒன்றுமில்லை. வண்டி தானாக உருண்டு, பழக்கமான மாடு மாதிரி, டீக்கடைக்கு நேராகப் போய் நின்றது.

அண்ணாச்சி பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட ஒல்லி.

"என்ன டீச்சரம்மா, இன்னைக்கு செவ்வாய்க்கெழமல்லா? வண்டிக்குக் கெழமையும் மறந்துட்டா?"

இறங்கிப் பையைப் பிரித்தேன்.

"எம்புட்டு நேரம் ஆவும்?" என்றாள் அக்கா.

"கழட்டி மாட்ட... ஒரு அரை மணி நேரம். கூடவும் ஆகலாம்."

அரை மணி நேரம் எங்களிடம் இல்லை. அது ரெண்டு பேருக்கும் தெரியும். வேறு யாராவது இருந்தால் என்னை அங்கேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினாள். கை பழக்கத்தில், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க, டேங்க் மூடியில் சாவியைப் போட்டுத் திருகினாள்.

உஸ்ஸ்.

"லே, பேசாத" என்றாள். நான் பேசவே இல்லை. அண்ணாச்சிதான் காயிலைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்திருந்தார். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்."

மூடியைத் திரும்பப் போட்டாள். கிக்கரை அடித்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வகுப்பில் இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது என்று தோன்றியது.

"இதுவரைக்கும் டீ குடிச்சி முடிச்சிட்டுத் திறப்பேன். ஆறுனதாலதான் கெளம்புதுன்னு நெனச்சேன். இன்னைக்கு நின்ன ஒடனே திறந்தேன். இன்ஜின் சுட்டுக் கெடக்கு, ஆறவே இல்ல. ஆனா கெளம்புது. அப்போ ஆறுனதால இல்ல."

"திறந்ததால."

"திறந்தப்போ உஸ்ஸுன்னுச்சே, காத்து உள்ள போச்சா, வெளிய வந்துச்சா?"

காற்று உள்ளேதான் போனது. அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. இளநீருக்குள் ஸ்ட்ராவை விட்டு, மேல் நுனியை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருக்கிற நீர் கீழே விழாது. விரலை எடுத்தால் விழும். பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால், இறங்கின இடத்துக்கு மேலே காற்று போக வேண்டும். டேங்க் தளும்பத் தளும்ப இருந்தால் மேலே காற்றுக்கு இடமே கொஞ்சம். ஆகையால் இன்னும் சீக்கிரம் நிற்கும். வியாழக்கிழமை நிரப்பி வெள்ளிக்கிழமை நின்றதன் பாதிக் காரணம் அது. கார்புரேட்டர் பாவம், மூன்று வாரமாகக் கீழே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்திருக்கிறது. நானோ அதையே கழுவிக்கொண்டிருந்தேன்.

"மூடியில ஒரு ஓட்டை இருக்கணும்க்கா. காத்து போகுததுக்கு."

"இருக்கா?"

ரெண்டு பேரும் குனிந்தோம். மூடியின் நடுவில் சாவித்துளை. சாவி போக வேண்டுமே என்று அம்மா அதை விட்டுவைத்திருக்கிறாள். அதற்கு அடியில், சரியாக எங்கே அந்த ஊசித்துளை இருக்க வேண்டுமோ அங்கே, பெரிய நாணயம் அளவுக்கு வழவழவென்று சந்தனம் அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம். இன்றைக்கு முக்கியமான நாள் என்பதால் வழக்கத்தைவிடத் தடிமன்.

பழைய மூடி இருந்தவரைக்கும் அம்மா பொட்டை ஹெட்லைட்டில்தான் வைத்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த மூடியில் யார் பொட்டு வைப்பார்கள்? நான் வெள்ளித் தட்டு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிய பிறகு, வெள்ளிக்கிழமைப் பொட்டு அங்கே இடம் மாறிவிட்டது. பகல் வெயிலில் அது காய்ந்து வெடித்துக் காற்றுக்கு வழி விட்டிருக்கும், அதனால்தான் சாயங்காலம் திரும்பும்போது வண்டி நிற்கவில்லை. சனிக்கிழமை நான் அதைத் துடைத்துவிடுவேன். வண்டி வியாழன்வரை ஓடும்.

நாங்கள் குனிந்து நிற்பதைப் பார்த்து, "என்ன, சாமி கும்பிடுதியளா?" என்றார் அண்ணாச்சி.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவிலிருந்து பின்னைக் கழற்றி, சந்தனத்தை வழித்தெடுத்து, துளைக்குள் விட்டு ஒரு திருகு திருகினாள். பிறகு மூடியை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று அந்தப் பக்கம் வந்தது. அவள் மேலுதட்டில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

"நல்ல சந்தனம்தாம்லே. வாசமா இருக்கு."

"அப்போ காயில்?" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் வருத்தத்தோடு.

"காயிலை அடுத்த தடவை பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி!" அக்கா வண்டியை எடுத்துவிட்டாள்.

முக்கூடல் போயிற்று. பாப்பாக்குடி போயிற்று. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி விக்குமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தோள் அசையவே இல்லை. அம்பாசமுத்திரம் நெருங்கினதும் மலை எழும்பி முன்னால் வந்து நின்றுகொண்டது. பஸ்களுக்கு நடுவே அதே பைய நுழைகிற வித்தை. ஊரைத் தாண்டி, ரெண்டு பக்கமும் வாழைத் தோட்டம், ஒரு மஞ்சள் கட்டடம், கேட்.

ஆய்வுக்கூடத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ரெக்கார்டு நோட்டு, உதட்டில் ஏதோ மனப்பாடம். பைக்கிலிருந்து ஒரு டீச்சர் இறங்குவதைப் பார்த்து முன்னால் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். அக்கா ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு, வீட்டிலிருந்து இப்போதுதான் எழுந்து வருகிறவள் மாதிரி நடந்து போனாள். அவள் உள்ளே நுழைந்த பிறகுதான் மணி அடித்தார்கள்.

நான் ஒரு புங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். உஸ் இல்லை. மூடினேன். மறுபடியும் திறந்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போது அம்மா போன் செய்தாள்.

"போய்ச் சேந்துட்டியளா?"

"சேந்துட்டோம்மா. நேரத்துக்கு."

"நின்னுச்சா?"

"கொஞ்ச நேரம்..."

"ஒண்ணும் ஆவாது எய்யா. நாந்தான் பொட்டு வச்சு விட்டேன்லா."

"ஆமாம்மா" என்றேன்.

சாயங்காலம் அக்காதான் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்து, துளையைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அப்போ இத்தன நாளா பிள்ளைய ரோட்ல நிப்பாட்டுனது நாந்தானா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.

"ஏம்மா, வெள்ளிக்கெழம மட்டும் நின்னுதுன்னா இவன் இன்னும் ஆறு மாசம் பங்க்கைத் திட்டிக்கிட்டு இருப்பான்" என்றாள் அக்கா. "செவ்வாய்க்கெழம நீ வச்சதாலதான் பங்க்கு இல்லன்னு ஆச்சு. அன்னைக்கு நீ வைக்கலன்னா இது ஏன் நிக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் சொன்னது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. வரிக்கு வரி உண்மை. அந்த உண்மையில் அம்மாவுக்கு நோகாத பக்கம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வண்டியை ஓட்டுகிற மாதிரியே. நான் எத்தனை கார்புரேட்டர் கழற்றினாலும் எனக்கு அது வருமா என்று தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள். "எய்யா, இங்கன வா. இதுல மூச்சு விடுத எடம் எது எதுன்னு எனக்குக் காட்டு."

காட்டினேன். டேங்க் மூடி, ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் பக்கத்துச் சின்னக் குழாய். அவள் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துக்கொண்டாள். அப்புறம் ஹெட்லைட்டைச் சுற்றி விரலால் தடவி, அங்கே துளை எதுவும் இல்லை என்று தானே உறுதி செய்துகொண்டு, நெற்றியில் வைக்கிற மாதிரி நடுவில் பொட்டு வைத்தாள்.

அக்கா வண்டியை எடுத்தாள். ரத வீதி முக்குத் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்தேன். சாயங்காலம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். நானும் அம்மாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நிக்கல" என்றாள். "பாலத்துக்கிட்ட அண்ணாச்சி கையைக் காட்டி நிப்பாட்டுனாரு. வெள்ளிக்கெழம வியாபாரம் படுத்துட்டாம். வண்டி நிக்காட்டாலும் டீச்சரம்மா நிக்கணும்னு சொல்லுதாரு."

"நின்னியா?" என்றாள் அம்மா.

"நின்னேன். காயிலைப் பத்தி முழுசாச் சொல்லி முடிச்சாரு."